விளக்கு அணைந்துவிட்டது, கோளாறு?

சென்னையில் எந்தத் தெருமுனை ஒர்க்‌ஷாப்பிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கோடு ஒரு கார் வந்து நிற்கிறது. மெக்கானிக் ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு, தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவியைச் செருகுகிறார். செல்போனில் இரண்டு தட்டு தட்டுகிறார். "எரர் அழிச்சாச்சு சார், லைட்டு போயிடுச்சு. முந்நூறு ரூபா கொடுங்க." கார்க்காரருக்குப் பரம திருப்தி. நாலாவது நாள் மதுரவாயல் பைபாஸில் போகும்போது அதே விளக்கு மறுபடி எரிகிறது. இந்த முறை கூடவே ஓர் உதறலும்.

முதல் நாள் அழிந்தது கோளாறு அல்ல. அது எந்த வேகத்தில், என்ன சூட்டில் வந்தது என்று கார் தானே எழுதி வைத்திருந்த குறிப்புதான் அழிந்தது. அந்தக் குறிப்பை வீட்டிலேயே படிக்கலாம். சில நூறு ரூபாய்க் கருவியும் ஒரு செல்போனும் போதும். படிக்க ஒரு நிமிடம், அழிக்க ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியில் என்னவெல்லாம் கைநழுவிப் போகிறது என்பது பெரும்பாலான கார்க்காரர்களுக்குத் தெரிவதில்லை.

எழுதி வைக்கும் கார்

இந்த ஏற்பாடு புகைக் கட்டுப்பாட்டிலிருந்து பிறந்தது. காரின் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று காரே கண்காணிக்க வேண்டும் என்ற விதியைக் கலிஃபோர்னியாவின் காற்று வளக் குழுமம் 1980-களில் கொண்டுவந்தது. ஓபிடி (ஆன்-போர்டு டயக்னாஸ்டிக்ஸ்) எனப்படும் இந்த ஏற்பாட்டின் இரண்டாம் வடிவமான ஓபிடி-2, 1996 மாடலிலிருந்து அமெரிக்காவின் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்ட ஓபிடியும், 2013 ஏப்ரலில் ஓபிடி-2-ம் வந்தன. 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 இந்தக் கண்காணிப்பை மேலும் இறுக்கியது.

ஆகவே கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வாங்கிய கார் என்றால், ஓட்டுநர் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டின் அடியில், 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருப்பதால் கருவியைத் தலைகீழாகச் செருக முடியாது. சாவியைத் திருப்பி இக்னிஷனை ஆன் செய்து, செல்போனில் புளூடூத்தை இணைத்து, ஆப்பைத் திறந்தால் ஐந்து எழுத்தில் பதில் வரும்.

உதாரணமாக, 'பி0303'. முதலெழுத்து 'பி' என்றால் என்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டது. 'சி' என்றால் பிரேக், ஸ்டியரிங் போன்றவை. 'பி0303'-இல் உள்ளது ஆங்கில அரிச்சுவடியின் பதினாறாவது எழுத்து. அதே உச்சரிப்புடைய இரண்டாவது எழுத்தில் தொடங்கினால் ஏர்பேக், ஏசி, கதவு என பாடி பக்கத்துப் பிரச்சினை. 'யு' என்றால் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் தடை. அடுத்து வரும் எண் பூஜ்யமானால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோட். ஒன்றானால் அந்த நிறுவனத்துக்கே உரியது. அதை மலிவான ஆப் தவறாகவும் மொழிபெயர்க்கக்கூடும். மூன்றாவது இடத்தில் 3 வந்தால் இக்னிஷன், மிஸ்ஃபயர் வகை. 'பி0303' என்றால் மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே எரிபொருள் ஒழுங்காக எரியவில்லை.

கோட் தரும் தகவல் எவ்வளவு?

மிஸ்ஃபயர் என்று சொல்லும் கார், எதனால் மிஸ்ஃபயர் என்று சொல்வதில்லை. ஸ்பார்க் ப்ளக் தேய்ந்திருக்கலாம், இக்னிஷன் காயில் போயிருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். பார்க்கிங்கில் இரவெல்லாம் நின்ற காரில் எலி ஏறி வயரைக் கடித்திருக்கலாம். இதில் காயில்தானா என்று பார்க்க அனுபவமுள்ள மெக்கானிக்குகள் செய்யும் வேலை எளிமையானது. என்ஜினை அணைத்து ஆறவிட்டு, மூன்றாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டருக்கும், முதலாவதை மூன்றாவதுக்கும் மாற்றிப் போடுவார்கள். கொஞ்ச தூரம் ஓட்டியதும் 'பி0301' வந்தால் கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது என்று பொருள், குற்றவாளி காயில்தான். 'பி0303'-ஏ திரும்பி வந்தால் ப்ளக், இன்ஜெக்டர், வயர் பக்கம் போக வேண்டும். செலவு ஏதுமில்லாத சோதனை.

இதைச் செய்யாமல் கோட் பெயரை மட்டும் படித்துப் பாகத்தை மாற்றினால் பர்ஸ்தான் காலியாகும். 'பி0420' இதற்குச் சரியான உதாரணம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் உள்ள பாகம் என்பதால் கன்வர்ட்டர் விலை அதிகம். ஆனால் கார் கன்வர்ட்டரை நேரடியாகப் பார்ப்பதில்லை. அதற்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்துத்தான் இந்த முடிவுக்கு வருகிறது. சென்சார் கெட்டிருந்தாலும், சைலன்சர் குழாயில் சின்ன ஓட்டை விழுந்திருந்தாலும் இதே கோட் வரக்கூடும்.

அழித்தால் என்ன போகிறது?

கோட் பதிவாகும்போது கார் அந்தக் கணத்தை ஒரு புகைப்படம்போல் பிடித்து வைக்கிறது. 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்பது அதன் பெயர். என்ஜின் எத்தனை சுற்று சுழன்றது, வண்டி என்ன வேகத்தில் போனது, கூலன்ட் சூடு எவ்வளவு, என்ஜின் மீது சுமை எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். கூலன்ட் 31 டிகிரி, வேகம் பூஜ்யம் என்றிருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்தபோது வந்த கோளாறு. 90 டிகிரி, 80 கி.மீ. வேகம் என்றால் சூடான என்ஜின் பாரம் இழுக்கும்போது வந்தது. கைதேர்ந்த மெக்கானிக்குக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

'கிளியர்' பொத்தானை அழுத்தினால் கோடும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்தே அழியும். கார் தன்னைத் தானே சோதித்து முடித்த பட்டியலும் ('ரெடினெஸ்' என்பார்கள்) பழையபடி 'முடியவில்லை' என்று மாறிவிடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுவதிலும் பல கார்களில் இதேதான் நடக்கிறது. கலிஃபோர்னியாவில் புகைச் சோதனைக்கு வரும் கார்களில் இந்தப் பட்டியலையும் பார்க்கிறார்கள். முந்தைய நாள் கோட் அழித்துவிட்டு வந்தவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். ஸ்கேனரால் அழிக்கவே முடியாத 'நிரந்தர கோட்' என்ற வகையும் அங்கு 2010 மாடல் வாக்கில் வந்தது. நம் ஊர் பியூசி சோதனை சைலன்சரிலிருந்து வரும் புகையை அளப்பதோடு சரி.

கோளாறு உண்மையிலேயே சரியாகிவிட்டால் அழிக்கும் வேலையே தேவையில்லை. தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் அதே கோளாறு தென்படாவிட்டால் விளக்கு பொதுவாகத் தானே அணைந்துவிடும். என்ஜின் சுமார் 40 முறை சூடாகி ஆறிய பிறகு பதிவும் தானாக நீங்கிவிடும்.

எப்போது கை வைக்கக் கூடாது?

விளக்கு நிலையாக எரிந்தால் பதற வேண்டாம். சில நாட்களுக்குள் பார்த்துவிட்டால் போதும். விட்டுவிட்டு மின்னினால் கடுமையான மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதையே உருக்கிவிடும். வேகத்தைக் குறைத்து ஓரங்கட்ட வேண்டிய நேரம் அது. சிவப்பு நிறத்தில் ஆயில் கேன் படமோ வெப்பமானி படமோ தெரிந்தால் ஸ்கேனரைத் தேடவே வேண்டாம். என்ஜினை உடனே அணைப்பதுதான் ஒரே வழி. ஏர்பேக் கோடுகளையும் வீட்டில் தொடக் கூடாது.

பாரத் ஸ்டேஜ் 6 டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் 'டிபிஎஃப்' வடிகட்டி இருக்கிறது. நெரிசலில் தினமும் நான்கைந்து கி.மீ. மட்டும் ஓடும் காரில் அது அடைத்துக்கொள்கிறது. கோடை அழிப்பதால் கரி எரியாது. காரின் கையேடு சொல்கிறபடி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட்டினால்தான் எரியும். இதற்குக் குறுக்குவழியாக, வடிகட்டியைக் கழற்றிவிட்டு, அது இல்லாதது காருக்குத் தெரியாதபடி சாஃப்ட்வேரையும் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அனுமதியில்லாமல் இப்படி வண்டியை மாற்றி அமைத்தால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்கீழ் உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். செய்து கொடுத்தவர் மட்டுமல்ல, வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவரும் மாட்டிக்கொள்வார்.

கருவியை வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியே கிடந்தால், அதிகம் ஓடாத காரில் பேட்டரியை மெல்ல உறிஞ்சும். இன்னொரு காரணமும் உண்டு. 2015-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாக ஆய்வாளர்கள், இந்தச் சாக்கெட்டில் செருகப்பட்ட ஒரு கண்காணிப்புக் கருவிக்கு எஸ்எம்எஸ் அனுப்பி, ஒரு கார்வெட் காரின் வைப்பரை ஓடவிட்டும், மெதுவாகப் போகும்போது பிரேக்கைச் செயலிழக்கச் செய்தும் காட்டினார்கள். மலிவான புளூடூத் கருவிகளில் பலவற்றின் பாஸ்வேர்டு இன்றைக்கும் 1234.

கார்க்காரரின் உரிமை

"வெளியே ஸ்கேன் பண்ணீங்களா? அப்போ வாரண்டி போச்சு" என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால்? 2011-இல் ஒரு நுகர்வோர் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று உத்தரவு பிறப்பித்தது. உதிரிபாகங்களையும், கோளாறு கண்டறியும் கருவிகளையும், தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக மாருதி சுசூகி, டாடா மோட்டார்ஸ், மஹிந்திரா உட்பட 14 நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. சட்டப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதனால் கையில் உள்ள வாரண்டி புத்தகத்தின் வாசகத்தைப் படித்துவிட்டு, மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்பதே நல்லது. கோடைப் படிப்பதால் எந்தப் பாகமும் சேதமாவதில்லை. அழித்தால், சர்வீஸ் சென்டருக்கு வேண்டிய தடயம் போய்விட்டது என்று அவர்கள் சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளம் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் அடங்கும். ஒரே கோளாறு ஒரே மாடல் கார்கள் பலவற்றில் வந்தால், 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திரும்பப்பெறும் விதியின்படி உரிமையாளர்கள் அரசின் வாகன் தளத்தில் புகார் பதியலாம்.

புகார் கொடுப்பதென்றால்

விளக்கு எரிந்ததும் முதல் வேலை, கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பது. கூடவே ஓடோமீட்டர் எண் தெரியும்படி டேஷ்போர்டை ஒரு போட்டோ. சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் "செக் என்ஜின் லைட்" என்று மட்டும் எழுதினால் போதாது. கோட் எண்ணையே எழுதச் சொல்ல வேண்டும். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கி, மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். பணம் கொடுத்துப் பாகம் மாற்றிய பிறகும் அதே கோட் திரும்பினால், இந்தக் காகிதங்கள்தான் பேசும்.

முதல் படி 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருந்தாலும் புகார்தாரர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

பழைய கார் பார்க்கப் போகிறவருக்கு

பழைய கார் சந்தையில் இந்தக் கருவி இன்னும் பயன்படும். விளக்கு எரியாததை வைத்து மட்டும் திருப்தியடையாமல், ஆப்பில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ரெடினெஸ் பட்டியல். அதில் பாதி சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால் அண்மையில் கோட் அழிக்கப்பட்டிருக்கலாம். பேட்டரி புதிதாக மாற்றியிருந்தாலும் அப்படிக் காட்டும்; அப்போது பேட்டரி பில்லைக் கேட்கலாம். இரண்டாவது, எல்லாக் கார்களிலும் இல்லாவிட்டாலும் பலவற்றில் கிடைக்கும் ஒரு வரி: 'கோட் அழித்த பின் ஓடிய தூரம்'.

மீட்டரில் 62,000 கி.மீ. ஓடிய கார். "ஒரு சின்ன கம்ப்ளெயின்ட்கூட வந்ததில்லை சார்" என்கிறார் விற்பவர். ஆப்பில் அந்த வரிக்கு நேரே 6 கி.மீ. என்று இருக்கிறது. பேட்டரி மாற்றவில்லை என்றும் அவரே சொல்கிறார். அவர் வீட்டிலிருந்து காரைக் காட்ட ஓட்டிவந்த தூரமும் ஏறக்குறைய அதுதான். அட்வான்ஸ் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, 100 கி.மீ. ஓடிய பிறகு அதே சாக்கெட்டில் மறுபடி செருகிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.