மேல்கோட்டையின் கல்லும் மண்ணும்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மைசூருக்குப் போகிறவர்கள் பாலாறு சோதனைச் சாவடியில் கர்நாடகத்துக்குள் நுழைகிறார்கள். வேலூர்க்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அவர்களுடைய பாலாறு வேறு. இது மலையிலிருந்து இறங்கிக் காவிரியில் கலக்கிற சிற்றாறு. சாவடி தாண்டினால் மாதேஸ்வரன் மலையின் கொண்டை ஊசி வளைவுகள். பிறகு கொள்ளேகால், மளவள்ளி, மண்டியா என்று போய், அங்கிருந்து வடமேற்கே ஒதுங்கினால் மேல்கோட்டை. பேருந்து ஜன்னலுக்கு இது மலையேறி இறங்கும் வழி. நிலவியல் படித்தவருக்கோ, பூமியின் ஆழத்திலிருந்து படிப்படியாக மேலே ஏறி வருகிற வழி.

காரணம் தென்னிந்தியாவின் சாய்வு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அடைகளைச் சாய்த்து வைத்து, மேலாகக் கிடைமட்டத்தில் சீவினால் ஒரு பக்கம் அடி அடையும் மறுபக்கம் மேல் அடையும் தெரியுமல்லவா? இந்த நிலப்பரப்பின் தென்பக்கம் உயர்ந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து போனது. அதனால் பிலிகிரி ரங்கன் மலையிலும் ஏற்காட்டிலும் நாம் மிதிக்கிற கறுத்த பாறை, ஒரு காலத்தில் 20 கிலோமீட்டருக்கும் கீழே வெந்துகொண்டிருந்தது. அதற்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து 1893இல் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர். அந்தக் கல் போனதோ நம்முடைய பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து. கல் நம்முடையது, பெயர் மட்டும் வங்காளத்துக் கம்பெனிக்காரருடையது.

வடக்கே போகப் போகச் சார்னோகைட் குறைந்து, வரிவரியான சாம்பல் நிற நைஸ் பாறை வருகிறது. ஒன்று மற்றொன்றாக மாறுகிற இடத்தையே கண்ணால் பார்க்கலாம். கனகபுரா பக்கத்துக் கப்பல்துர்கா மலையடிக் கல்குவாரியில் சாம்பல் நைஸின் நடுவே கறுப்புத் திட்டுகள் பரவிக் கிடக்கின்றன. 1960இல் பிச்சமுத்து என்ற நிலவியலாளர் இதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார். உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் அந்தக் குவாரிக்கு வரத் தொடங்கினார்கள். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழத்திலிருந்து வந்த கரியமில வாயு பாறையின் கனிமங்களுக்குள் இருந்த நீரை விரட்டி, அதை வறண்ட பாறையாக மாற்றியது என்பது பலர் ஏற்கும் விளக்கம். மேல்கோட்டை அந்த எல்லைக்கு வடக்கே, நைஸ் பக்கம் இருக்கிறது.

ஊர் சின்னது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,500 அடி உயரத்துப் பாறை முகட்டில் யோக நரசிம்மர். கீழே செலுவநாராயணர் கோயில். நடுவே ஓட்டு வீடுகள். சோழ நாட்டை விட்டு வந்த ராமானுஜர் 12 ஆண்டுகள் தங்கிய திருநாராயணபுரம் இதுதான். அவர் காலத்தோடு தங்கள் வேரைச் சேர்த்துச் சொல்லும் மண்டயம் ஐயங்கார் வீடுகளில் இன்றும் தமிழ் கேட்கிறது, கன்னடம் கலந்து. பங்குனியில் வைரமுடி சேவை. மற்ற நாளில் வருகிறவர்கள் புளியோதரைக்காக வருகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை.

மலை உச்சியில் ஊர் கட்டும் வழக்கம் தென் இத்தாலியிலும் உண்டு. ஆனால் அங்கே பாறை இளையது, மென்மையானது. மதேரா ஊர்க்காரர்கள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தே வீடுகளும் கோயில்களும் நீர்த்தொட்டிகளும் அமைத்தார்கள். அதே மாவட்டத்துக் கிராக்கோ களிமண் சரிவின்மேல் நின்றது. 1963இல் நிலம் சரிந்து மக்கள் வெளியேறத் தொடங்கினார்கள். 1980 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊர் முற்றிலும் காலி. இப்போது சினிமாப் படப்பிடிப்புதான் நடக்கிறது. அப்பெனைன் மலைகள் இன்னும் அசைந்துகொண்டிருப்பவை. மேல்கோட்டைக்குக் கீழே இருப்பது 300 கோடி ஆண்டுப் பழமையுள்ள கர்நாடக அடித்தளப் பாறை. இந்த ஊருக்கு வந்த ஆபத்தெல்லாம் மனிதரால் வந்தவை. 1771இல் ஹைதர் அலியை இந்தப் பக்கத்தில் தோற்கடித்த மராத்தியப் படை ஊரைச் சூறையாடியது ஒரு உதாரணம்.

கெட்டிப் பாறைக்கு ஒரு குறை உண்டு: தண்ணீரை உள்ளே வாங்காது. மதேராவின் கல் ஈரத்தை உறிஞ்சும், நைஸ் உறிஞ்சாது. ஆறில்லாத முகட்டில் எப்படிக் குடியிருந்தார்கள்? குறையையே வரவாக்கிக் கொண்டார்கள். ஒரு ஏக்கர் வெறும் பாறையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர். மண்ணாக இருந்தால் பாதி ஊறிப்போகும், மீதியில் வெயில் பங்கு கேட்கும். பாறையில் பெரும்பகுதி வழிந்து பள்ளத்துக்கு ஓடிவரும். அந்தப் பள்ளத்தில் வெட்டியதுதான் கல்யாணி, சுற்றிலும் மண்டபங்களோடு பல திரைப்படப் பாடல்களில் நாம் பார்த்த குளம். அதன் படிகளில் நின்று மேலே பார்த்தால் நரசிம்மர் மலையின் பாறைமுகம் முழுவதும் குளத்துக்கான கூரைபோல நீர் வடிக்கக் காத்திருப்பது புரியும்.

அதே மழை, அவசரமில்லாமல் இன்னொரு வேலையும் செய்கிறது. காற்றிலிருக்கும் கரியமில வாயு கரைந்து, மழைநீர் மிக லேசான அமிலமாகிறது. அது பாறையிலுள்ள பெல்ட்ஸ்பார் கனிமத்திலிருந்து பொட்டாசியத்தையும் சோடியத்தையும் கரைத்துக்கொண்டு போகிறது. எஞ்சும் அலுமினியமும் சிலிக்காவும் நீரோடு கூடி வழுவழுப்பான வெள்ளைக் களிமண் ஆகின்றன. பாறையில் இரும்பு இருந்தால் துருவேறி மண் சிவக்கும். வழிநெடுக நாம் பார்க்கும் செம்மண் அப்படி வந்தது. இரும்பு குறைந்த பாறை உளுத்த இடத்தில் மட்டுமே மண் வெள்ளையாக இருக்கும்.

மேல்கோட்டையின் புகழ்பெற்ற பண்டம் அந்த வெள்ளை மண்தான். ராமானுஜருக்குத் திருமண் தீர்ந்துபோக, கனவில் பெருமாள் காட்டிய இடத்தில் திருமண்ணும் மூலவரும் சேர்ந்தே கிடைத்தார்கள் என்பது குருபரம்பரை சொல்லும் வரலாறு. இங்கிருந்து நாமக்கட்டி காசி வரை போனதை 19ஆம் நூற்றாண்டு மைசூர் கெஜட்டியரில் லூயிஸ் ரைஸ் எழுதியிருக்கிறார். கையில் எடுத்துப் பார்த்தால் நல்ல நாமக்கட்டி விரலில் மாவாக ஒட்டும். ஒரு துளி நீர் விட்டுக் குழைத்தால் மணல் உறுத்தாது. கனமான குவார்ட்ஸ் மணல் நீரில் முதலில் அடியில் தங்க, மெல்லிய களிமண் கடைசியில் படிகிறது. வெட்டிய மண்ணைத் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு வடிப்பதன் கணக்கு அதுதான். நாமத்தின் நடுவில் இடுகிற ஸ்ரீசூர்ணத்தின் சிவப்பு வேறு வேதியியல்: மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் வரும் நிறம்.

ராய கோபுரத்தின் முடிக்கப்படாத தூண்களைத் தாண்டிப் போனால் அக்கா குளம், தங்கை குளம் என்று அருகருகே இரண்டு. ஒன்றின் நீரைக் குடிக்கலாம், மற்றதைக் குடிக்க முடியாது என்பார்கள். சகோதரிகள் போட்டி போட்டு வெட்டியதில் ஒருத்தியின் மனம் சுத்தமில்லையாம். கெட்டிப் பாறைப் பிரதேசத்தில் கிணறு வெட்டியவர் யாரும் இதில் வியப்படைய மாட்டார். நிலத்தடி நீர் அங்கே விரிசல்களில் மட்டும் ஓடுகிறது. பத்தடி தள்ளி இருக்கும் விரிசல் வேறு வழியாக, வேறு கனிமங்களைக் கரைத்துக்கொண்டு வரலாம். பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கிணறுகளில் ஒன்று உப்பாகவும் ஒன்று இனிப்பாகவும் இருப்பதைச் சேலத்திலும் தருமபுரியிலும் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள்.