நகரத்துத் தேனீக்கள் எங்கே மேய்கின்றன?

உலகில் இதுவரை அறியப்பட்டுள்ள தேனீ இனங்கள் ஏறத்தாழ 20,000. மனிதர் பெட்டியில் வளர்த்துத் தேன் எடுப்பவை அவற்றில் ஒரு சிலவே. மற்றவற்றில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. பிரிட்டனின் சிவப்புக் கொத்தனார் தேனீ அத்தகையது. சுவரில் கிடக்கும் பழைய ஆணித் துளையோ, காய்ந்த நாணல் தண்டோ அதற்குப் போதும். தாய்த் தேனீ உள்ளே மகரந்தத்தைக் குவித்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, ஈரமண்ணால் தடுப்பு எழுப்பிவிட்டு அடுத்த அறைக்கு நகரும். பெண்ணாகும் முட்டைகள் உட்புறத்திலும் ஆணாகும் முட்டைகள் வாசல் பக்கத்திலும் இருக்கும்.

இவற்றை நகரத்தில் காக்க வேண்டுமானால் எந்த நிலத்தில், எந்தப் பூவில் இரை எடுக்கின்றன என்று முதலில் தெரிய வேண்டும். சூழலியலாளர்கள் கேத்தரின் பால்டாக், ஜேன் மெம்மட் உள்ளிட்ட குழுவினர் பிரிட்டனின் பிரிஸ்டல், ரெடிங், லீட்ஸ், எடின்பரோ நகரங்களில் இதை ஆராய்ந்தனர். பூங்கா, கல்லறைத் தோட்டம், சாலையோரம், நடைபாதை, வீட்டுத் தோட்டம் என 9 வகை நிலங்களில் 360 இடங்களைத் தேர்ந்தெடுத்தனர். ஒவ்வோர் இடத்திலும் குறித்த தடத்தில் நடந்து பூக்களை எண்ணினர். பூவில் அமர்ந்த பூச்சியை வலையில் பிடித்து, அது இருந்த செடியின் பெயரோடு பதிந்தனர்.

முடிவுகள் 2019இல் வெளியாயின. தேனீக்கள் செறிந்திருந்தவை வீட்டுத் தோட்டங்களும், குறைந்த வாடகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிடும் 'அலாட்மென்ட்' துண்டு நிலங்களும்தான். துண்டு நிலங்கள் நகரப் பரப்பில் மிகச் சிறிய பங்கு. வீட்டுத் தோட்டங்களோ 24 முதல் 36 சதவீதம் வரை பரவியிருப்பதால், நகரத்துப் பூச்சிகளின் பெரும்பகுதி அவற்றை நம்பியே வாழ்கிறது. வசதியானோர் வாழும் பகுதிகளின் தோட்டங்களில் பூக்களும் அதிகம், பூச்சிகளும் அதிகம். லாவெண்டர் போன்ற தோட்டச் செடிகளோடு, களையென்று பிடுங்கப்படும் டான்டிலயனும் முக்கிய இரையாக இருந்தது.

பூங்காக்கள் தோட்டங்களைவிடப் பின்தங்கியதற்கு அடிக்கடி வெட்டப்படும் புல்தரை ஒரு காரணம். பூக்கும் முன்பே செடி தலையிழக்கிறது. வெட்டும் தடவையைக் குறைத்தாலே, விதைக்காமலே பூக்கள் வரும். தேன்பெட்டிகளை வைப்பது இதற்கு மாற்றாகாது. பாரிஸில் நடந்த ஓர் ஆய்வில், பெட்டிகள் அதிகமுள்ள இடங்களைச் சுற்றி மற்ற தேனீக்கள் பூக்களுக்கு வருவது குறைந்திருந்தது.

சிறிய தனித் தேனீக்கள் கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்கு அப்பால் அதிகம் போவதில்லை. அதனால் நகரின் ஒரு மூலையில் பெரிய பூந்தோட்டம் அமைத்தால் மட்டும் போதாது. மண் திறந்த வரப்பு, துளையுள்ள பழைய சுவர் எனக் கூடு கட்டும் இடங்களுக்கு அருகருகே, வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை மாறிமாறிப் பூக்கும் சிறு திட்டுகள் வேண்டும்.