நியூட்ரல் இல்லாத படகு எஞ்சின்

படகின் பின்பலகையில் திருகுகளால் இறுக்கி மாட்டவும், வேலை முடிந்தபின் கழற்றிக் கையில் எடுத்துச் செல்லவும் ஏற்ற அவுட்போர்டு எஞ்சின்களுள், இங்கிலாந்தின் ‘பிரிட்டிஷ் சீகல்’ தனித்த இயல்புடையது. 1930களின் தொடக்கத்தில் வுல்வர்ஹாம்ப்டனில் தோன்றி, பின்னர் தென்கரையிலுள்ள பூல் நகரில் பல பத்தாண்டுகள் தயாரிக்கப்பட்ட இந்த ஒற்றைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் பழைய வகைகள் பலவற்றில், எஞ்சினையும் புரொப்பெல்லரையும் பிரிக்கும் நியூட்ரல் நிலையே கிடையாது. எஞ்சின் உயிர்பெறும் அதே நொடியில் படகும் நகரத் தொடங்கும் என்பதால், முன்னே தடையற்ற நீர்ப்பரப்பு இருப்பதை உறுதிசெய்துகொள்வதே இதை இயக்குவோரின் முதற்கடமையாகும்.

எண்ணெய்க்கெனத் தனி அறை இல்லாததால், பெட்ரோலில் கலந்த எண்ணெயே உள்ளுறுப்புகளின் உராய்வைத் தணிக்கிறது. பழைய வகைகளுக்குப் பத்துப் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் விதிக்கப்பட்டிருந்தது. பிற்கால வகைகளுக்கு இருபத்தைந்துக்கு ஒன்று போதுமானதாயிற்று. எரியாத எண்ணெயின் ஒரு பகுதி புகையாகவும் படலமாகவும் நீரில் சேர்வது இவ்வெஞ்சின்களின் உண்மையான குறை. ஆகவே குடிநீர் ஏரிகளில் இவற்றைத் தவிர்ப்பதே முறை.

எஞ்சினை இயக்க, முதலில் டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்த வேண்டும். அது மூடியிருந்தால், எரிபொருள் இறங்க இறங்க டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி, சிறிது தூரம் சென்றபின் எஞ்சின் நின்றுவிடும். அடுத்து எரிபொருள் குழாயைத் திறந்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் மேலுள்ள சிறு பொத்தானை, பெட்ரோல் கசியும்வரை அழுத்த வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் சோக் மூடியை அடைத்து, வேகத்தை ஆளும் த்ராட்டிலை ஓரளவு திறந்துவைத்தபின், முடிச்சிட்ட கயிற்றின் நுனியை ஃப்ளைவீலின் பள்ளத்தில் மாட்டிச் சுற்றி, ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். கயிறு முழுவதும் கழன்று கையோடு வந்துவிடுவதால், பின்னால் எவரும் நிற்கலாகாது. உறையின்றிச் சுழலும் ஃப்ளைவீலின் அருகே தளர்ந்த ஆடையும் ஆகாது.

எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியதும் சோக்கைத் திறந்து, குளிர்விக்கும் நீர் வெளியேறுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். பலமுறை இழுத்தும் இயங்காவிடில், வலிமையைக் கூட்டுவதால் பயனில்லை. பெரும்பாலும் மிகுதியான பெட்ரோலால் ஸ்பார்க் பிளக் நனைந்திருக்கும். எரிபொருளை அடைத்து, சோக்கையும் த்ராட்டிலையும் முழுதும் திறந்து, சிலமுறை வெறுமனே இழுத்தால் அந்த மிகுதிப் பெட்ரோல் வெளியேறிவிடும்.

கரை நெருங்கும்போது பின்னோக்கிச் செலுத்த வழியில்லாததால், முன்கூட்டியே எஞ்சினை நிறுத்திவிட்டு, எஞ்சிய வேகத்திலேயே படகைக் கரைசேர்க்க வேண்டும். அன்றைய பயணம் அத்துடன் முடிவதென்றால், எஞ்சினை நிறுத்த எரிபொருள் குழாயை அடைத்து, கார்புரேட்டர் வறளும்வரை ஓடவிடுவது நல்லது. இல்லையேல் பெட்ரோல் ஆவியாகி, தங்கிய எண்ணெய் நுண்துளைகளை அடைத்துவிடும். கடலில் ஓடிய எஞ்சினை, நன்னீர் நிரப்பிய பீப்பாயில் சற்றுநேரம் இயக்கி உப்பைக் கழுவிய பிறகே எடுத்துவைக்க வேண்டும்.