ஒரே மாத்திரை, வேறு வேறு ஆபத்து

மலேசியாவின் நீலாய்ப் பட்டணத்து மருந்தகம் ஒன்றில் வலிப்புக்கான கார்பமசெபின் மாத்திரையை ஒரு சீனர் வாங்கலாம், ஒரு மலாய்க்காரர் வாங்கலாம், தோட்டப்புறத்திலிருந்து வரும் தமிழரும் வாங்கலாம். மூவர் கையிலும் ஒரே மாத்திரைதான். ஆனால் அது தோலைப் பொசுக்கிவிடும் வாய்ப்பு மூவருக்கும் ஒன்றல்ல.

முதலில் மாத்திரையின் சாமர்த்தியத்தைப் பார்ப்போம். நரம்பணுவின் மேலுறையில் சோடியம் வாயில்கள் எனப்படும் நுண்ணிய புரதக் கதவுகள் உண்டு. கதவு திறந்தால் சோடியம் உள்ளே பாயும், மின்துடிப்பு பிறக்கும். ஓரிரு மில்லிவிநாடியில் கதவு தானே தாழிட்டுக்கொள்ளும். சற்று ஓய்ந்த பிறகே மறுபடி திறக்கும். வலிப்பின்போது ஏராளமான நரம்பணுக்கள் ஒருசேர, ஓயாமல் துடிக்கின்றன. கார்பமசெபின் தாழிட்ட கதவாகப் பார்த்து ஒட்டி, அது விடுபடுவதைத் தாமதப்படுத்துகிறது. அதிகம் ஆட்டம் போடும் நரம்பணுவில்தான் தாழிட்ட கதவுகள் அதிகம். ஆகவே மருந்தும் அங்கேதான் அதிகம் ஒட்டும். அடங்கி வேலை செய்யும் நரம்பணு பெரும்பாலும் தப்பிவிடும். 1953இல் சுவிட்சர்லாந்தின் கைகி நிறுவனத்தில் வால்டர் ஷிண்ட்லர் இதைத் தயாரித்தபோது இந்தச் சூட்சுமம் யாருக்கும் தெரியாது!

இனி வில்லங்கம். நம் உடலணுக்கள் தமக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை வெளியே காட்டிக்கொண்டே இருக்கின்றன. காட்டும் தட்டுக்கு எச்எல்ஏ என்று பெயர். ரோந்து வரும் டி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள், கடைத்தெருச் சோதனை அதிகாரியைப் போல, தட்டில் இருப்பதைப் பார்த்து நம்முடையதா அந்நியமா என்று தீர்மானிக்கின்றன. தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். பி 1502 என்ற வடிவத்தில் கார்பமசெபின் போய் ஒட்டிக்கொண்டால், சிலருக்கு டி அணுக்கள் சொந்தத் தோலையே எதிரியாக்கிவிடும். காய்ச்சல், வாய்ப்புண், கொப்புளம், பிறகு தீப்பட்டதுபோல் உரியும் தோல். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்பது இதுதான். உயிரையும் பறிக்கும்.

2004இல் தைவான் ஆய்வாளர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் பி 1502 இருந்தது. மருந்தைத் தாங்கிக்கொண்ட 101 பேரில் மூவரிடம் மட்டுமே இருந்தது. மருத்துவத்தில் இவ்வளவு துல்லியமான பொருத்தம் அபூர்வம். ஐரோப்பியரிடம் இந்த வடிவம் மிக மிக அரிது. மருந்து பிறந்த மண்ணில் இந்த ஆபத்து கண்ணில் படாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

சீனரிடமும் மலாய்க்காரரிடமும் இது பரவலாகவே உண்டு. இந்தியரிடம் குறைவு; ஆனால் இல்லாமல் இல்லை. 2014இல் மலாயா பல்கலைக்கழகத்தார் மலேசிய இந்திய நோயாளிகளின் விவரங்களை இந்திய ஆய்வுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, இந்தியரிடமும் அதே தொடர்பு தெரிந்தது. படிவத்தில் எழுதும் இனத்தை வைத்து ஊகிப்பதைவிட இரத்தத்தைச் சோதிப்பது மேல். ஒருமுறை சோதித்தால் ஆயுளுக்கும் போதும்.

தைவானில் 4,877 பேரை மருந்துக்கு முன்பே சோதித்து, பி 1502 உள்ளவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். ஏறக்குறைய பத்துப் பேருக்கு நோய் வரும் என்பது பழைய கணக்கு. ஒருவருக்குக்கூட வரவில்லை.

ஹாங்காங் கதை வேறு. 2008இல் பரிசோதனை அங்கே கொள்கையானது. கார்பமசெபினால் வந்த நோயும் மறைந்தது. வலிப்பு மருந்துகளால் இந்நோய் கண்டவர்களின் மொத்த எண்ணிக்கையோ குறையவில்லை! மருத்துவர்கள் பரிசோதனைக்கு அனுப்புவதற்குப் பதிலாகப் பினைட்டாய்ன் போன்ற வேறு மருந்துகளை எழுத, அவற்றாலும் அதே நோய் வந்தது.

பல மாதங்களாக இந்த மாத்திரையைச் சிக்கலின்றி விழுங்கி வருபவர் பதற வேண்டியதில்லை. ஆபத்து பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள்தான். மருத்துவரைக் கேளாமல் சட்டென நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு திரும்பி வரக்கூடும்.