தாராவி ஊறல் முதல் லோயர் பரேல் பீர் வரை: மும்பையின் கோப்பையில் இருப்பது என்ன?

மும்பையில் ஒரு கோப்பை பீர் அருந்துவதற்கு இன்றும் சட்டப்படி அனுமதிச்சீட்டு வேண்டும். சில ரூபாய் செலுத்தி ஒருநாள் அனுமதி பெறலாம். ஓராண்டுக்கும், வாழ்நாள் முழுவதற்கும் தனித்தனிச் சீட்டுகள் உண்டு. மதுக்கூடங்களில் அதை அரிதாகவே கேட்கின்றனர் என்றாலும் விதி நீடிக்கிறது. 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் விட்டுச்சென்ற மிச்சம் அது. அந்தச் சட்டத்தின் இன்னொரு மிச்சம், தாராவியின் வரலாற்றில் இருக்கிறது.

அன்றைய பம்பாய் மாகாணத்தில் 1950-இல் முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கடைகள் மூடப்பட்டன, குடிப்பவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவியின் சதுப்பு நிலம், சாராயம் காய்ச்சுவோருக்கு வசதியான மறைவிடமாயிற்று. கருப்பு வெல்லம், அழுகிய பழங்கள், நவச்சாரம் ஆகியவற்றைத் தண்ணீரில் கலந்து பீப்பாய்களில் புளிக்க வைத்தனர். அந்த ஊறலைத் தகர டிரம்களில் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து வடித்தெடுத்தனர். தோல் பதனிடும் கூடங்களின் வாடையில் சாராய வாடை தனித்துத் தெரியவில்லை என்பது அவர்களுக்குக் கூடுதல் வசதி.

இந்த வணிகத்தின் உச்சத்தில் பேசப்பட்ட பெயர், தூத்துக்குடியிலிருந்து சென்று விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் சுமை தூக்கிய வரதராஜ முதலியார். மாட்டுங்கா, தாராவி, ஆன்டாப் ஹில் பகுதிகளில் அவர் செலுத்திய செல்வாக்கே 1987-இல் வெளியான ‘நாயகன்’ திரைப்படத்துக்குத் தூண்டுதலாக அமைந்தது. 1960-கள் முதல் மதுவிலக்கு படிப்படியாகத் தளர்த்தப்பட்டதும், 1980-களில் காவல்துறை எடுத்த கடும் நடவடிக்கைகளும் அந்த அடுப்புகளை அணைத்தன. தாராவியின் பெயரில் ஒட்டிக்கொண்ட கறை மட்டும் எளிதில் போகவில்லை. சட்டம் உருவாக்கிய சந்தைக்கு ஒரு குடியிருப்பே பழி சுமந்தது.

இன்று தாராவியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பழைய பஞ்சாலைகள் நின்ற லோயர் பரேலில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் எஃகுக் கலன்கள் வாடிக்கையாளர் கண்முன்னே பளபளக்கின்றன. மகாராஷ்டிரத்தில் சிறு மதுவடிப்பாலைகளின் காலம் 2009-இல் புனேயில் ‘டூலாலி’ தொடங்கப்பட்டபோது பிறந்தது. நாசிக் அருகே தேவ்லாலியில் இருந்த பிரிட்டிஷ் படை முகாமின் பெயர், வீரர்களின் வாயில் மருவி ‘டூலாலி’ ஆயிற்று. ஆங்கிலத்தில் அதற்குப் பித்துப்பிடித்த நிலை என்று பொருள். மும்பையின் முதல் சிறு மதுவடிப்பாலையான ‘பார்க்கிங் டீர்’ 2013-இல் லோயர் பரேலில் பீர் தயாரிக்கத் தொடங்கியது. பின்னர் அந்தேரி, பாந்த்ரா எனப் பரவின.

சாராயத்துக்கும் பீருக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. சாராயம் காய்ச்சி வடிக்கப்படுவது. பீர் நொதித்தலோடு நின்றுவிடுவது. முளைகட்டி உலர்த்திய பார்லியை ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்தால், அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. வடிகட்டிய இனிப்பு நீரை ஹாப்ஸ் எனப்படும் கசப்புப் பூக்களோடு சுமார் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்கின்றனர். ‘ஏல்’ வகை ஓரிரு வாரங்களில் தயாராகிவிடும். குளிர்ந்த நிலையில் நொதிக்கும் ‘லாகர்’ வகைக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். தாராவி வீடுகளில் இரவில் கரைத்து வைக்கும் இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதும் நொதித்தலின் வேலைதான்; அங்கே பெரும்பங்கு ஈஸ்டுக்கு அல்ல, லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு. அங்கிருந்து விடியற்காலையில் சைக்கிளில் கிளம்பும் தமிழ் இட்லி வியாபாரிகளுக்கு நொதித்தலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சுவை பார்ப்பதற்கு இத்தகைய இடங்களில் சிறு கோப்பைகள் நான்கைந்தை ஒரே மரத்தட்டில் தருகின்றனர். மென்மையானதில் தொடங்கிக் கடுமையானதில் முடிப்பது முறை. மாற்றிக் குடித்தால் ஹாப்ஸின் கசப்பு நாக்கை மூடிவிடும். கோதுமை பீரில் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் எழும். அதில் வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. இரண்டும் ஈஸ்ட் தருபவை. ‘ஐபிஏ’ வகையில் கசப்பும் எலுமிச்சைத் தோலின் வாசமும் முன்நிற்கும். கருநிற ‘ஸ்டவுட்’, வறுத்த தானியத்தால் காப்பிக் கொட்டையை நினைவூட்டும். அளவுக்கு மீறிக் குளிர்வித்தால் இந்த மணங்கள் எதுவும் மேலெழாது. வெண்ணெய் வாடையோ, நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ வந்தால் அது தயாரிப்பு அல்லது சேமிப்புக் குறை. வேறு கோப்பை கேட்பதில் தவறில்லை.

தொட்டுக்கொள்ளும் பண்டங்களுக்கு மும்பையில் ‘சக்னா’ என்று பெயர். வெங்காயம், பச்சைமிளகாய் தூவிய வேர்க்கடலை, அவித்த கொண்டைக்கடலை, அவித்த முட்டை, ரவையில் புரட்டிப் பொரித்த பொம்பில் மீன் ஆகியவை சாதாரண மதுக்கூடத்திலும் கிடைக்கும். சிறு மதுவடிப்பாலைகளோ அவற்றையே அலங்காரத் தட்டில் வைத்து விலையை உயர்த்துகின்றன. காரமான பண்டத்தோடு ஐபிஏ பொருந்துவதில்லை. கசப்பு, மிளகாயின் எரிச்சலை மேலும் தூண்டிவிடும். கோதுமை பீர் அதைத் தணிக்கும். பொரித்த மீனின் எண்ணெய்ப்பசையை நுரை கழுவிவிடுவதால், மென்மையான லாகரும் அதற்குத் துணையாகும்.

கலனில் என்ன தானியம், எத்தனை நாள் நொதித்தது, ஆல்கஹால் எத்தனை விழுக்காடு என்று இங்கே கேட்டால் பதில் கிடைக்கும். விழுக்காடு பெரும்பாலும் 5-ஐ ஒட்டியிருக்கும். கைவினைத் தயாரிப்பு என்பதால் உடலுக்குக் கேடு குறைந்துவிடாது. பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. ஆயினும் கோப்பையில் இருப்பது என்ன என்று அறிந்து குடிக்கும் வாய்ப்பாவது இங்கே உண்டு.

அந்த வாய்ப்புக்கும் ஒரு விலை இருக்கிறது. தினக்கூலி பெறுவோருக்கு அது எட்டாதது. 2015 ஜூன் மாதம் மும்பை மலாடு பகுதியில் உள்ள மால்வணி குடிசைப் பகுதியில் விஷச்சாராயம் குடித்து 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரு இடங்களிலும் கொன்றது மெத்தனால். இது ஊறலில் தானாகப் பெருகுவதன்று. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மலிவான மெத்தனாலை, போதைக்காகவும் லாபத்துக்காகவும் விற்பவர்கள் கலக்கின்றனர். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. 10 மில்லிலிட்டரே பார்வையைப் பறிக்கக்கூடும். நிறத்திலோ மணத்திலோ சாதாரண சாராயத்திலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. பார்வை மங்குதல், வாந்தி, வயிற்றுவலி தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மால்வணி வழக்கில் மும்பை நீதிமன்றம் 2024-இல் நால்வரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. சம்பவம் நடந்து அப்போது ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.