கணினியை நமக்கேற்ப அமைப்போம்

‘குடும்பம்’ என்னும் கோப்புறைக்குள் ‘பட்டர்வொர்த்’, அதற்குள் ‘படகுத்துறை’ எனப் படங்களை அடுக்கி வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95இல் இவற்றைத் திறந்தால், ஒவ்வொன்றும் தனித்தனிச் சாளரமாகத் திறந்து திரையை நிறைக்கும். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் எல்லாம் ஒரே சாளரத்தில் திறக்கும்.

எக்ஸ்பியில் இதை நம் விருப்பப்படி மாற்றலாம். கோப்புறையின் மேலே உள்ள ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருமுறை சொடுக்கினாலே கோப்புறை திறக்கும்படியும் அங்கு அமைக்கலாம். கை நடுங்கும் முதியவர்களுக்கு இருமுறை விரைந்து சொடுக்குவது கடினம். இச்சிறு மாற்றத்தைச் செய்து கொடுத்தால், தாத்தா பாட்டியும் பிறர் உதவியின்றிப் படங்களைப் பார்த்து மகிழலாம்.