வீடு இழுக்கும் வளி

1984ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமெரிக் அணுமின் நிலையம் பணி தொடங்கும் தறுவாயில் இருந்தது. அங்குப் பணியாற்றிய பொறியாளர் ஒருவர் கதிரியக்கத்தைக் கண்டறியும் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அது ஒலியெழுப்பியது. ஒருநாள், வேலைக்குச் செல்லுமுன்னரே, வாயிலில் நுழைந்த உடனேயே ஒலித்தது. அவர் கதிரியக்கத்தை நிலையத்திலிருந்து பெறவில்லை. தம் வீட்டிலிருந்தே சுமந்து வந்திருக்கிறார் என்பது அப்போது விளங்கிற்று. பாயர்டவுன் ஊரையடுத்த அவ்வீட்டின் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,00,000 பெக்கரல் அளவுக்கு ரேடான் வளி நிறைந்திருந்தது. ஒரு நொடியில் ஓர் அணு சிதைவது ஒரு பெக்கரல். 148 பெக்கரலை எட்டினாலே வீட்டைச் சீரமைக்க வேண்டும் என்பது இன்று அந்நாட்டின் பரிந்துரை.

பாறையிலும் மண்ணிலும் சிறிதளவு யுரேனியம் எங்கும் உண்டு. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. இந்நெடுந்தொடரில் ஏனையவை யாவும் திண்மங்கள். பிறந்த இடத்திலேயே தங்குபவை. ரேடான் ஒன்றே வளி. நிறமில்லை, மணமில்லை, எதனோடும் எளிதில் வினைபுரிவதுமில்லை. ஆதலால் மண்ணின் நுண்துளைகளூடே தடையின்றி மேலெழுகிறது. அதன் அரைவாழ்வு 3.8 நாள். நிலத்தடியிலிருந்து வீட்டுக்குள் வந்து சேர அக்காலம் போதும்.

திறந்த வெளியில் ரேடான் காற்றோடு கலந்து நீர்த்துவிடுகிறது. வீடோ அதைத் தானே உள்ளிழுக்கிறது. அறையின் வெப்பக் காற்று மேலேறி வெளியேற, அடித்தளத்தில் காற்றழுத்தம் சற்றே தாழ்கிறது. அக்குறையை நிரப்ப, தளத்தின் வெடிப்புகள் வழியாகவும் குழாய்கள் நுழையும் இடைவெளிகள் வழியாகவும் மண்வளி உட்புகுகிறது. கதவும் பலகணியும் அடைபட்ட குளிர்காலத்தில் இவ்விழுப்பு மிகும். உட்புகுந்த வளி வெளியேறவும் வழியிராது.

மூச்சோடு உட்சென்ற ரேடானில் பெரும்பகுதி மூச்சோடே வெளியேறிவிடும். தீங்கு செய்பவை அதன் சிதைவில் தோன்றும் பொலோனியம் முதலிய திண்மங்கள். அவை நுண்தூசியில் ஒட்டி மூச்சுக்குழாய்ச் சுவரில் படிந்து, ஆல்ஃபா துகள்களை உமிழ்கின்றன. ஒரு தாளைக்கூடத் துளைக்க இயலாத துகள்கள்தாம். ஆயினும் தாம் படிந்த இடத்தை அடுத்துள்ள உயிரணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்க அவற்றுக்கு ஆற்றல் போதும்.

இவ்வாறு விளையும் நுரையீரல் புற்றுநோயை மாந்தர் அறிந்தது, வளியை அறிவதற்கு முன்பே. செருமனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள சினீபெர்க் சுரங்கத் தொழிலாளர் நெடுங்காலமாக மார்பு நோயால் மாண்டனர். 1879இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் மருத்துவர் இருவர் அது நுரையீரலில் தோன்றும் கொடிய கட்டி என்று கண்டுரைத்தனர். ரேடியத்திலிருந்து ஒரு வளி வெளிப்படுவதை இயற்பியலாளர் டோர்ன் கண்டதோ 1900இல். 1988இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடானை, மாந்தர்க்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியான பொருள்களின் வரிசையில் சேர்த்தது.

ஒரு நாட்டின் நுரையீரல் புற்றுநோய்களுள் 3 முதல் 14 விழுக்காடு வரை ரேடானால் விளைபவை என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. நெடுங்காலச் சராசரி 100 பெக்கரல் உயருந்தோறும் இந்நோயின் இடர் ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுகிறது. புகைபிடிப்போர்க்கு ரேடானால் வரும் இடர், புகைபிடிக்காதோரைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு.

தீர்வு அரிதன்று. தளத்தின் அடியில் குழாயொன்றைச் செருகி, விசிறியால் மண்வளியை உறிஞ்சிக் கூரைக்கு மேல் வெளியேற்றினால் போதும். வீட்டின் இழுப்பை இம்முறை கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. பாயர்டவுன் வீடும் சீரமைக்கப்பட்டது. அக்குடும்பம் அங்கேயே திரும்பிக் குடியேறியது. ஆனால் அளந்தறியாத வீட்டுக்கு இத்தீர்வு எட்டாது. அண்டை வீடுகளிரண்டின் அளவுகளே பெரிதும் வேறுபடலாம். எனவே நிலப்படத்தைப் பார்த்து ஒரு வீட்டின் நிலையை முடிவுசெய்ய இயலாது. சில திங்கள்கள் அறையில் வைத்திருக்கும், ரேடானை அளக்கும் சிறு நெகிழித் தகடே உண்மையைச் சொல்லும்.

இதில் பொதுநலத் துறையினர் மறக்கலாகாத ஒன்றுண்டு. ரேடானால் விளையும் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை மிகு அளவு கொண்ட அரிய வீடுகளில் தோன்றுவதில்லை. குறைந்த, நடுத்தர அளவு கொண்ட எண்ணற்ற எளிய வீடுகளிலேயே தோன்றுகின்றன. ஆதலால் ஒரு சில வீடுகளைத் தேடிப்பிடித்துத் திருத்துவதோடு கடமை முடியாது. புதிதாய் எழும் ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டட விதியிலேயே காப்பு வகுப்பதும், புகைப்பழக்கத்தை ஒழிப்பதுமே மிகுதியான உயிர்களைக் காக்கும்.